ஹேஸ்டிங்ஸ் வீதியின் செவிலி

உலகில் மனிதர் குடியிருக்கத் தகுந்த நகரங்கள் எவையென்று பத்திரிகைகள் பட்டியலிடும்போதெல்லாம் முன்வரிசையில் இடம்பெற்றுவிடும் வான்கூவர் மாநகரத்தில், பனிமுடி தரித்த மலைகளும் பசிபிக் சமுத்திரத்தின் நீர்ப்பரப்பும் ஒருங்கே கண்ணுக்கு விருந்தளிக்கும் அந்தக் கனடிய நகரத்தின் மையத்தை ஒட்டியே, ஹேஸ்டிங்ஸ் வீதியின் இருமருங்கிலும், டவுன்டவுன் ஈஸ்ட்சைட் என்றொரு பேட்டை இருக்கிறது. மரம் வெட்டும் கூலிகளும், மீன்பிடிப் படகுகளில் வேலைக்குப் போனவர்களும், பருவத்துக்குப் பருவம் வந்து தங்கிச்சென்ற மலிவான விடுதிகள் நிறைந்த இடம் அது. அத்தொழில்கள் நலிந்த பின்னர் வயோதிகரும், அங்கஹீனரும், மனநோய் மருத்துவமனைகள் தம் படுக்கைகளைப் படிப்படியாகக் குறைத்தபோது வெளியே அனுப்பப்பட்டவர்களும், சொந்த மண்ணிலேயே அந்நியராக்கப்பட்ட ஆதிக்குடி மக்களும் அவ்விடுதிகளின் சிற்றறைகளில் வந்து ஒதுங்கினார்கள். ஹெராயினும் கொக்கெயினும் அவர்களைத் தேடிக்கொண்டு அங்கேயே வந்தன.

1991-ஆம் ஆண்டில் அப்பேட்டைவாசிகளின் சங்கமொன்று, போர்ட்லண்ட் ஹோட்டல் என்னும் பழைய விடுதியை, வேறெந்த விடுதியும் இடங்கொடுக்க மறுத்தவர்களுக்கென்றே நடத்துவதென்று தீர்மானித்தபோது, அதை நிர்வகிக்கும் பொறுப்பு லிஸ் எவன்ஸ் என்ற இளம்பெண்ணிடம் வந்து சேர்ந்தது. அவருக்கு அப்போது இருபத்தைந்து வயதை ஒட்டி இருக்கும். ஹோட்டல் நிர்வாகம் அவர் கற்ற தொழிலன்று; ஆஸ்பத்திரியின் மனநோய்ப் பிரிவில் நர்ஸாகப் பணியாற்றியவர் அவர். பழக்கத்தை விடமுடியாதவரையும் அதனால் வரும் நோயிலிருந்தும் சாவிலிருந்தும் காப்பது என்னும், இன்று தீங்கு குறைப்பு என்ற பெயரால் மருத்துவ உலகம் வழங்கும் கொள்கையை வட அமெரிக்காவில் செயலாக்கிக் காட்டியவர்களின் வரிசை நீளமானது. மேயர்களும் ஆராய்ச்சியாளரும் வழக்கறிஞரும் ஒரு கவிஞரும்கூட அதில் உண்டு. அவர்களுக்குரிய பெருமையில் அணுவளவும் குறைக்காமலே சொல்லலாம், அக்கொள்கை காலூன்றி நிற்பதற்கு ஓர் இடம் கிடைத்ததற்கு, ஒரு நர்ஸ் தன் தொழிலின் மிகப் பழைய விதிகளை மிகப் பாதகமான ஓரிடத்தில் விடாப்பிடியாக அனுசரித்ததே முதற்காரணம் என்று.

அந்த விதிகள் பிரமாதமானவை ஒன்றுமில்லை. காயத்தோடு வந்தவனிடம் அவனுடைய யோக்கியதையை விசாரித்துத் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் கட்டுப் போடுவது என்ற வழக்கம் எந்த வைத்தியசாலையிலும் கிடையாது. நீரிழிவுக்காரர் ஒருவர் கல்யாண வீட்டில் பாயசத்தை இரண்டு தரம் வாங்கிக் குடித்துவிட்டு மறுநாள் தலைசுற்றலோடு வந்து நின்றால், நர்ஸ் இரண்டு வார்த்தை கடிந்துகொள்வாளேயன்றி, இன்சுலினை மறைத்து வைத்துக்கொண்டு வெளியே போ என்று சொல்லமாட்டாள். ஆனால் அதே ஆஸ்பத்திரியின் வாசலுக்கு, முழங்கையில் ஊசித் தழும்பும் தழும்பின்மேல் சீழ்க்கட்டியுமாக ஒருவன் வந்துவிட்டால், வியாதியைப் பார்க்கும் கண் திடீரென்று குற்றத்தைப் பார்க்கும் கண்ணாக மாறிவிடுகிறது. பழக்கத்தை விட்டுவிட்டு வா, பிறகு வைத்தியம் பார்க்கலாம் என்று அவனுக்கு நிபந்தனை விதிக்கப்படுகிறது. விடமுடியாமையே அவனுடைய வியாதி என்பதை அந்த நேரத்தில் அனைவரும் மறந்துவிடுகிறார்கள்.

போர்ட்லண்ட் ஹோட்டலில் லிஸ் எவன்ஸ் இந்த நிபந்தனையை எடுத்துவிட்டார். போதைமருந்து உபயோகித்தான் என்பதற்காக எவனும் அறையைக் காலி செய்ய வேண்டியதில்லை என்பது அங்கே விதியாயிற்று. கேட்பதற்கு எளிதாக இருக்கும் இவ்விதி நடைமுறையில் எவ்வளவு கடினமானது என்பதைச் சற்று எண்ணிப்பார்க்க வேண்டும். நள்ளிரவில் கூச்சலிடுபவர், சுவரோடு பேசுபவர், வாடகைப் பணத்தை வீதியிலேயே தொலைத்துவிட்டு வருபவர், எய்ட்ஸ் முற்றி எலும்பும் தோலுமாய்ப் படுத்திருப்பவர் என்று ஏறத்தாழ எழுபது அறைகளிலும், வேறெங்கும் போக்கிடமற்ற மாந்தர். வழக்கமான விடுதிக்காரன் இத்தகையவரை வீதியில் தள்ளிக் கதவை அடைத்துவிடுவான். அடுத்த விடுதியிலும் அதுவே நிகழும். அப்படி வெளியேற்றப்பட்டு வெளியேற்றப்பட்டே ஒரு மனிதனின் வியாதி குணப்படுத்த முடியாததென்று பெயர் பெற்றுவிடும். இங்கேயோ, அறையிலிருந்து ஆள் வெளியே வரவில்லையென்றால் கதவைத் தட்டிப் பார்ப்பதும், புண்ணைக் கழுவுவதும், மாத்திரையை நினைவூட்டுவதும், யாரும் வந்து பாராத மனிதன் இறந்துபோனால் அவனுக்காக நாலுபேர் கூடித் துக்கங் காப்பதும் அன்றாட அலுவல்களாயின. பிற்காலத்தில் அடிமைப் பழக்கம் பற்றிப் பெரிதும் படிக்கப்பட்ட நூலொன்றை எழுதிய டாக்டர் காபோர் மாத்தே பல வருஷங்கள் வைத்தியராக இருந்தது இந்த ஹோட்டல் குடிவாசிகளுக்குத்தான். அவருடைய நூலில் வரும் அனுபவங்களுக்கு ஆதாரமான இடம் ஒரு நர்ஸ் நடத்திய வீடு.

1993-இல் அந்த ஹோட்டல் போர்ட்லண்ட் ஹோட்டல் சங்கம் என்ற ஸ்தாபனமாக உருவெடுத்தது. அதே ஆண்டில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் போதைமருந்து மிகையால் இறந்தவர் தொகை 300-ஐத் தாண்டிற்று. மாகாணத்தின் தலைமை மரண விசாரணை அதிகாரி வின்ஸ் கெயின் 1994-இல் சமர்ப்பித்த அறிக்கை, இது சுகாதாரத் துறையின் விவகாரம், சிறைச்சாலையின் விவகாரமன்று என்ற பொருள்பட எழுதப்பட்டிருந்தது. அறிக்கைகளுக்கு வழக்கமாக நேரும் கதி அதற்கும் நேர்ந்தது. பின்னர் எச்.ஐ.வி. பரவிற்று. 1997-இல் வெளிவந்த ஆராய்ச்சியொன்று, ஊசி போட்டுக்கொள்வோருள் ஆண்டொன்றுக்கு 100-க்கு 18 பேருக்கு மேல் புதிதாக அக்கிருமியின் வாய்ப்படுகிறார்கள் என்று கண்டறிந்தபோது, பணக்கார தேசங்களில் இதுபோன்ற வேகத்தை யாரும் கேள்விப்பட்டதில்லை. இத்தனைக்கும் அந்நகரில் சுத்தமான ஊசிகளை இனாமாக வழங்கும் ஏற்பாடு வருஷக்கணக்காக நடந்துகொண்டுதான் இருந்தது. ஊசி கிடைத்தது, ஊசியை நிதானமாகப் போட்டுக்கொள்ள இடம் கிடைக்கவில்லை. போலீசாருக்கு அஞ்சிச் சந்துகளில் பதுங்கி, அவசரத்தில் தேங்கிக்கிடக்கும் மழைநீரை உறிஞ்சி அதில் மருந்தைக் கரைத்துக்கொண்டவர்களைப் பற்றி அப்பேட்டையில் பணிபுரிந்த நர்ஸ்கள் பலர் சாட்சியம் கூறியிருக்கிறார்கள்.

அந்த 1997-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஓப்பன்ஹைமர் பூங்காவின் புல்தரையில் 1,000 மரச்சிலுவைகள் நாட்டப்பட்டன. அப்பேட்டையிலேயே வாழ்ந்த கவிஞர் பட் ஆஸ்பார்னும் போர்ட்லண்ட் சங்கத்தாரும் சேர்ந்து செய்த காரியம் அது. அரசாங்கத்தின் மனத்தை இறந்தவர் தொகை அசைக்காதபோது, அத்தொகையைப் புல்தரையில் பரப்பிக் காட்டுவது ஒரு யுக்தி. நகரின் சுகாதார வாரியம் அதே ஆண்டில் பொதுச் சுகாதார அவசர நிலையைப் பிரகடனம் செய்தது. மேயர் ஃபிலிப் ஓவன் என்பவர் பழமைப் பற்றுள்ள கட்சிக்காரராயிருந்தும், தடுப்பு, சிகிச்சை, சட்ட அமலாக்கம் என்ற மூன்றோடு தீங்கு குறைப்பையும் நான்காவது தூணாக 2001-இல் நகரசபையை ஏற்கச் செய்தார். அதற்காகத் தம் கட்சியின் ஆதரவையே இழந்தார். அவருக்குப் பின் 2002-இல் மேயரான லாரி காம்பெல், முன்பு மரண விசாரணை அதிகாரியாக இருந்தவர். இந்த அரசியல் சரித்திரம் விரிவானது. நமக்கு இங்கே இவ்வளவு போதும்.

மேற்பார்வையில் ஊசி போட்டுக்கொள்ளும் இடம் என்ற எண்ணம் வான்கூவரில் தோன்றியதன்று. ஸ்விட்ஜர்லாந்தின் பெர்ன் நகரில் 1986-லேயே அப்படியோர் இடம் திறக்கப்பட்டது. ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரின் கிங்ஸ் கிராஸ் பகுதியில் 2001-இல் திறக்கப்பட்டது. ஆயினும் வட அமெரிக்காவில் அதற்கு வித்திட்டது, அதிகம் பேசப்படாத ஒரு சம்பவம். எய்ட்ஸ் நோயால் 1992-இல் இறந்த டாக்டர் பீட்டர் ஜெப்சன்-யங் என்ற இளம் வைத்தியரின் நினைவாக வான்கூவரில் அந்நோயாளிகளுக்கென்று ஒரு பராமரிப்பு நிலையம் ஏற்பட்டிருந்தது. அங்கே வருபவர்களில் பலர் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு ஊசி போட்டுக்கொள்வதை நர்ஸ்கள் அறிந்திருந்தார்கள். கதவுக்கு இப்பால் நின்று ஓசை கேட்டுக்கொண்டிருப்பதா, அருகில் இருந்து ஆபத்து வராமல் பார்த்துக்கொள்வதா? 2002-இல் அவர்கள் இக்கேள்வியை மாகாணத்தின் நர்ஸ்கள் பதிவுச் சபைக்கே அனுப்பினார்கள். நோயையும் சாவையும் தடுக்கும் நோக்கத்துடன் நோயாளிக்குச் சுத்தமான முறையைக் கற்பிப்பதும், உடனிருந்து கண்காணிப்பதும் நர்ஸ் தொழிலின் எல்லைக்குள் அடங்கியவையே என்று சபை பதில் அளித்தது. புதிய சட்டமோ, மந்திரியின் உத்தரவோ இல்லாமல், ஒரு தொழிலின் தர்மத்தை அத்தொழிலார் தாமே படித்துப் பொருள் சொன்ன அந்தப் பதிலை, பின்னர் நேர்ந்த பெரிய வெற்றிகளைக் காட்டிலும் உயர்வாகவே நான் மதிக்கிறேன்.

இதே காலத்தில் லிஸ் எவன்ஸும் அவருடைய சகாக்களும் ஹேஸ்டிங்ஸ் கிழக்கு வீதி 139-ஆம் இலக்கக் கட்டடத்தில் ஊசி போட்டுக்கொள்வதற்கான ஒரு கூடத்தைச் சத்தமில்லாமல் கட்டிக்கொண்டிருந்தார்கள். வரிசையாகக் கண்ணாடிகளும் அவற்றின் முன்னே இருக்கைகளும் அமைவதைப் பார்த்தவர்களுக்கு அது முடிதிருத்தும் நிலையம் என்று சொல்லப்பட்டதாம்! அனுமதி வந்த பிறகு கட்ட ஆரம்பித்தால் அனுமதியும் வராது, கட்டடமும் எழும்பாது என்பது அரசாங்கங்களோடு பழகியவர்கள் எந்த தேசத்திலும் அறிந்துவைத்திருக்கும் ரகசியம். இதற்கிடையே, 2003 ஏப்ரலில், பொறுமையிழந்த போதைப் பழக்கக்காரர்களின் சங்கத்தார், ஓர் இளம் நர்ஸின் துணையோடு, அனுமதியின்றியே கரால் வீதியில் அத்தகைய ஓர் அறையைத் திறந்து ஏறத்தாழ ஆறு மாதம் நடத்திக் காட்டினார்கள். அவ்வாண்டு செப்டம்பரில், மத்திய அரசு போதைமருந்துச் சட்டத்திலிருந்து வழங்கிய விசேஷ விலக்கின் கீழ், வான்கூவர் கடலோரச் சுகாதாரத் துறையும் போர்ட்லண்ட் சங்கமும் கூட்டாக நடத்தும் 'இன்சைட்' என்ற நிலையம் திறக்கப்பட்டது. வட அமெரிக்காவில் அரசின் அங்கீகாரத்தோடு ஏற்பட்ட முதலாவது அது.

உள்ளே நடப்பதைப் பற்றி வெளியே உலவிய கற்பனைகள் அநேகம். ஆகவே உண்மையைச் சற்று விரித்துச் சொல்வது நலம். வருபவர் தம் மருந்தைத் தாமே கொண்டுவருகிறார். நிலையம் மருந்து தருவதில்லை. தாம் விரும்பிய ஒரு பெயரைப் பதிந்துகொள்கிறார். எதைப் போட்டுக்கொள்ளப் போகிறார் என்று சொல்கிறார். சுத்தமான ஊசியும், கிருமிநீக்கிய நீரும், பஞ்சும், கைக்கட்டும் அவருக்குக் கொடுக்கப்படுகின்றன. வரிசையாக உள்ள இருக்கைகளில் ஒன்றில் அமர்ந்து அவரே ஊசி போட்டுக்கொள்கிறார், நர்ஸ் போட்டுவிடுவதில்லை. எதிரே கண்ணாடி வைத்திருப்பது, அவருடைய முகம் நர்ஸின் பார்வையில் இருந்துகொண்டே இருக்க வேண்டும் என்பதற்காக. எந்த இரத்தக்குழாயில் குத்தினால் ஆபத்து, கையைக் கழுவாமல் குத்தினால் சீழ் பிடிப்பது எப்படி என்பவற்றை அவர் கேட்டால் நர்ஸ் எடுத்துச் சொல்கிறாள். பக்கத்து அறையில் புண்களுக்குக் கட்டுப் போடுவதும் தடுப்பூசி போடுவதும் நடக்கின்றன. முடிந்ததும் சற்று உட்கார்ந்து ஒரு காப்பி குடித்துவிட்டு அவர் வெளியேறுகிறார். இவ்வளவுதான். இதில் பரபரப்புக்கு இடமே இல்லை.

பரபரப்புக்கு இடமாகும் தருணம் ஒன்று உண்டு. ஹெராயின் இனத்தைச் சேர்ந்த மருந்துகள் மிகையாகும்போது, மூச்சுவிடும்படி உடம்புக்குக் கட்டளையிடும் மூளைப் பகுதி மெல்ல மெல்ல உறங்கிப்போகிறது. நெஞ்சு துடித்துக்கொண்டே இருக்கும். மூச்சு மட்டும் நிமிஷத்துக்கு ஆறாய், நான்காய்க் குறையும். உதடு நீலம் பாரிக்கும். அருகில் ஆளில்லாதவன் இந்த நிலையில் சில நிமிஷங்களில் முடிந்துபோகிறான். அருகில் ஒரு நர்ஸ் இருந்தால், தோளைத் தட்டிப் பெயர் சொல்லி எழுப்பிப் பார்த்து, எழாவிட்டால் பிராணவாயுவைக் கொடுத்து, அவசியமானால் நாலாக்சோன் என்ற மாற்று மருந்தை ஊசியாகப் போட்டு, அவனை மீட்டுவிடுகிறாள். மூளையில் ஹெராயின் பற்றிக்கொண்டிருக்கும் இடங்களிலிருந்து அதைப் பெயர்த்துத் தள்ளிவிட்டுத் தான் அங்கே உட்கார்ந்துகொள்ளும் மருந்து நாலாக்சோன். இரண்டு மூன்று நிமிஷங்களில் வேலை செய்யும். ஆனால் அதன் சக்தி ஒரு மணி நேர அளவில் தீர்ந்துபோவதால், எழுந்தவன் மீண்டும் மயங்காமலிருக்கிறானா என்று கூடவே இருந்து பார்க்க வேண்டும். அந்தக் கூட இருத்தலைச் செய்ய ஒரு மனுஷி வேண்டும். அப்படி விழித்தவன் நன்றி கூறுவான் என்று எதிர்பார்ப்பதற்கும் இல்லை. போதை கலைந்த ஆத்திரத்தில் திட்டவும் கூடும். திட்டு வாங்கிக்கொண்டே காப்பி கொண்டுவந்து கொடுப்பவர்கள் இந்தப் பணிக்கு வருகிறார்கள்.

ஆட்சேபங்கள் எழாமல் இல்லை. பழக்கத்தை ஒழிப்பதற்குப் பதிலாக வசதி செய்து கொடுப்பதாகாதா, பிள்ளைகள் இதைப் பார்த்து என்ன நினைப்பார்கள், என்று கேட்டவர்கள் எல்லோரையும் கல்நெஞ்சக்காரர் என்று ஒதுக்கிவிடுவது நியாயமன்று; போதையினால் ஒரு மகனை இழந்த தாயும் அவர்களுள் இருக்கலாம். இக்கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியது உணர்ச்சியன்று, விவரம். நிலையத்துக்கு வாரந்தோறும் வருபவர்கள் மற்றவர்களைக் காட்டிலும் விரைவாகப் போதைநீக்கச் சிகிச்சையில் சேர்ந்தார்கள் என்று 2006-இல் ஆராய்ச்சியாளர் கண்டார்கள்; அடுத்த ஆண்டில் நிலையத்தின் மாடியிலேயே அத்தகைய சிகிச்சை அறைகள் திறக்கப்பட்டன. நிலையத்தைச் சூழ்ந்த 500 மீட்டர் எல்லைக்குள் போதைமிகைச் சாவு 35 சதவீதம் குறைந்ததையும், நகரின் ஏனைய பகுதிகளில் 9 சதவீத அளவிலேயே குறைந்ததையும் 2011-இல் 'லான்செட்' மருத்துவ சஞ்சிகை வெளியிட்டது. உயிரோடிருப்பவன் என்றாவது ஒருநாள் பழக்கத்தை விடக்கூடும். இதை மறுக்கும் வாதம் ஒன்றையும் நான் இதுவரை கண்டதில்லை.

இருந்தும், மத்தியில் ஆட்சி மாறியபின் சுகாதார மந்திரி டோனி கிளெமென்ட் 2008-இல் விலக்கை நீட்டிக்க மறுத்தார். இந்நிலையத்தை ஆதரிக்கும் வைத்தியர்களின் தொழில் தர்மத்தையே வைத்தியர் சங்க மகாநாட்டில் கேள்விக்கு உள்ளாக்கினார். போர்ட்லண்ட் சங்கமும், நிலையத்துக்கு வந்துகொண்டிருந்தவர்களான டீன் வில்சன், ஷெல்லி டோமிக் என்ற இருவரும் வழக்குத் தொடுத்தார்கள். மாகாண நீதிமன்றங்கள் இரண்டிலும் வென்ற வழக்கு கனடாவின் உச்ச நீதிமன்றத்தை அடைந்தபோது, கனடிய நர்ஸ்கள் சங்கம் உட்பட நர்ஸ்களின் ஸ்தாபனங்கள் சிலவும் நிலையத்தின் பக்கம் நின்று வாதிட்டன. 2011 செப்டம்பர் 30-ஆம் தேதி, ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, நிலையத்தை மூடுவது வருபவர்களின் உயிருக்கும் உடற்பாதுகாப்புக்கும் அரசியல் சாசனம் அளித்த உரிமைக்கு மாறானது, அத்தகைய முடிவு தன்னிச்சையானது என்று தீர்ப்பளித்து, விலக்கு வழங்கும்படி மந்திரிக்கு உத்தரவிட்டார்கள். அவ்வளவு காலமாகியும் நிலையத்தின் உள்ளே ஒருவர்கூடப் போதைமிகையால் இறந்திருக்கவில்லை. வழக்கறிஞரின் வாக்குவன்மையைக் காட்டிலும் அந்த வெறும் உண்மையே வழக்கை நிலைநிறுத்திற்று. அதைச் சம்பாதித்தவர்கள் இரவும் பகலும் முறைவைத்து அக்கண்ணாடிகளைப் பார்த்துக்கொண்டிருந்த நர்ஸ்களும் சிப்பந்திகளும்.

லிஸ் எவன்ஸின் சரிதத்தில் கசப்பான அத்தியாயமும் உண்டு. அதை மறைப்பது அவருக்குச் செய்யும் மரியாதையாகாது. 2014-இல் அரசாங்கத் தணிக்கைகள் சங்கத்தின் செலவு முறைகளைக் குறைகூறியதை அடுத்து, அவரும் உடன் நிர்வாகிகள் மூவரும் விலகிக்கொண்டார்கள். கணக்குப் புத்தகத்தைச் சீராக வைத்துக்கொள்வதும் ஏழைகளுக்கு ஆற்றும் ஊழியத்தின் ஒரு பகுதியே என்பதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் இல்லை. ஆனால் 23 வருஷ காலம் வேறெவரும் ஏற்காத மனிதரை ஏற்று நடத்திய வீட்டை அந்தக் குறை அழித்துவிடவும் இல்லை. அவர் பின்னர் நியூயார்க் சென்று அதே துறையில் பணியைத் தொடர்ந்தார். அவர் விட்டுச்சென்ற நிலையம் வேறு நிர்வாகிகளின் கீழ்த் தொடர்ந்து இயங்கிற்று. ஹெராயினைக் காட்டிலும் சுமார் 50 மடங்கு வீரியமுள்ள ஃபென்டனில் என்ற செயற்கை மருந்து வீதிச் சரக்கில் கலந்தபின், 2016 ஏப்ரலில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணமே அவசர நிலையை அறிவிக்க நேர்ந்தது. கனடாவில் முன்பு வான்கூவரில் மட்டும் இருந்த ஏற்பாடு அதன்பின் பல இடங்களில் எழுந்தது.

இவையெல்லாம் எங்கோ குளிர்தேசத்தின் விவகாரம் என்று வாசகர் எண்ண வேண்டாம். நம் நாட்டின் மணிப்பூரில் 1989-க்கும் 1990-க்கும் இடையே, ஊசி போட்டுக்கொள்வோரில் அதுவரை தென்படாதிருந்த எச்.ஐ.வி. கிருமி, ஓராண்டுக்குள் ஏறத்தாழப் பாதிப் பேரைப் பற்றிக்கொண்டது. அந்த அனுபவத்தினால்தான் அம்மாநிலம் 1996-லேயே தீங்கு குறைப்பைத் தன் கொள்கையில் சேர்த்தது. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு ஸ்தாபனத்தின் திட்டத்தில் இன்று ஊசி வழங்குவதும், ஹெராயினுக்கு ஈடாக பியூப்ரெநார்பின் மாத்திரை கொடுப்பதும் இடம்பெற்றிருக்கின்றன. அந்த நிலையங்களில் மாத்திரையை நொறுக்கி நாக்கின் அடியில் வைத்து, அது கரைந்து முடிகிறவரை எதிரே இருந்து பார்த்து, மறுநாள் வரவில்லையென்றால் ஆளனுப்பி விசாரிப்பவள் ஒரு நர்ஸ். பெயர் அச்சில் வராத அப்பெண்களைக் காண நேர்ந்தால், நீங்கள் எப்படி இந்த மாதிரி ஆட்களோடு வேலை செய்கிறீர்கள் என்று வியப்போடு கேட்காதிருங்கள். அவர்கள் மிகவும் சலித்துப்போன கேள்வி அதுவாகத்தான் இருக்கும். உங்கள் வீட்டிலோ அண்டையிலோ இப்பழக்கத்தால் அவதியுறுபவர் இருந்தால், அவருக்கும் அவர் குடும்பத்தாருக்கும் ஆலோசனை கூற மத்திய அரசு நடத்தும் கட்டணமில்லாத் தொலைபேசியின் எண் 14446.